மின்சாரம் நின்றபின் உங்கள் வீட்டுச் சைரன் ஒலிக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் தனி வீடுகளிலும் சிறிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் திருட்டு எச்சரிக்கை அலாரம் பொருத்துவது இப்போது பரவலாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகளிலும், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பங்களின் வீடுகளிலும் இதைக் காண்கிறோம். பணம் செலவழித்துப் பொருத்தியவர்கள் கேமராவில் படம் தெளிவாகத் தெரிகிறதா, கைப்பேசிக்குச் செய்தி வருகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறார்கள். ஆனால், மின்சாரம் இல்லாத நேரத்தில் வெளிச்சுவரில் இருக்கும் சைரன் ஒலிக்குமா என்று சோதித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. தொலைபேசி நிலையங்களின் பேட்டரி அறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சோதனை ஏன் தேவை, அதை எப்படிச் செய்வது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில், ஒரு வீட்டு அலாரத்தில் எத்தனை பேட்டரிகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பேனல் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு) கொண்ட, மூடி முத்திரையிட்ட லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். கணினி யு.பி.எஸ்.களில் இருப்பதும் பெரும்பாலும் இதே அளவுதான். இதைத் தவிர, நல்ல தரமான வெளிப்புறச் சைரன்களுக்குள் தனியாக இன்னொரு சிறிய பேட்டரி இருக்கும். அது 12 வோல்ட், 1.2 ஏ.எச். லெட்-ஆசிட் பேட்டரியாகவோ, நிக்கல் வகைச் செல்களைக் கோத்த 7.2 வோல்ட் தொகுப்பாகவோ இருக்கலாம். திருடன் பேனலிலிருந்து வரும் ஒயரை வெட்டினாலும், பேனலையே உடைத்தாலும், சைரன் தன் சொந்த பேட்டரியைக் கொண்டு அலற வேண்டும் என்பதற்காகவே அந்த இரண்டாவது பேட்டரி வைக்கப்படுகிறது. விலை குறைந்த ஹூட்டர் வகைச் சைரன்களில் அது இருப்பதே இல்லை. அவை முழுக்க முழுக்கப் பேனலை நம்பியிருப்பவை. ஒயரை வெட்டினால் அத்துடன் ஊமையாகிவிடும். தங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்பதைப் பொருத்தியவரிடம் கேட்டு அறிந்துகொள்வதே முதல் வேலை.

பேனலில் உள்ள பேட்டரி பலவீனமானால், பல மாடல்களில் மஞ்சள் விளக்கு எரியும் அல்லது விட்டுவிட்டு ஒரு பீப் ஒலி வரும். சைரனுக்குள் இருக்கும் பேட்டரியின் நிலை வேறு. சாதாரண வீட்டு அமைப்புகள் பலவற்றில் அந்தச் சிறு பேட்டரியின் நலத்தைப் பேனலுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடே கிடையாது. பேனலில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்போதே, இரண்டாவது மாடிச் சுவரில் வெயிலிலும் மழையிலும் தொங்கும் பெட்டிக்குள் அந்தப் பேட்டரி செத்துப் போயிருக்கலாம். மின்சாரம் இருக்கும்வரை சைரன் வழக்கம்போல ஒலிக்கும். ஆகவே, யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தப்படி வந்த டெக்னீஷியன், பேனலில் சோதனைப் பொத்தானை அழுத்தினார். சைரன் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒலித்தது. அட்டையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால் நானும் உடன் இருந்தேன். பேனலுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை அழுத்தச் சொன்னேன். சைரன் எழுந்தது, சில விநாடிகளில் குரல் கம்மியது, பிறகு நின்றுவிட்டது. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்ற வரியே இல்லை. குறை அந்தப் படிவத்தில் இருக்கிறது. பல நிறுவனங்களின் படிவங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்பதைப் பிறகு மற்ற வீடுகளின் அட்டைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இதில் ஒரு நுட்பமான ஏமாற்றமும் உண்டு. மல்டிமீட்டரை வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்து, ‘13.6 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. பேனலில் இருக்கும் சார்ஜர் எப்போதும் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் மீட்டர் காட்டுவது அந்தச் சார்ஜரின் வோல்டேஜைத்தான். உள்ளே தகடுகள் பழுதான பேட்டரியும் அதே எண்ணைத்தான் காட்டும். சார்ஜரைத் துண்டித்துச் சில மணி நேரம் ஓய்வில் விட்டபின், முழுச் சார்ஜுள்ள நல்ல பேட்டரி 12.7 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது ஏறக்குறையக் காலி என்று கொள்ளலாம். இதுவும் பாதி உண்மைதான். சுமை ஏற்றிப் பார்த்தால்தான் முழு உண்மை தெரியும். சைரன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சில நிமிடங்கள் ஒலித்த பின்னும் 12 வோல்ட்டை ஒட்டி நின்றால் நிம்மதி. மளமளவென்று 11-க்குக் கீழே சரிந்தால் அந்தப் பேட்டரியை மாற்றிவிட வேண்டும். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிக்குச் சுமையின்போது 10.5 வோல்ட் என்பது பொதுவாகக் கடைசி எல்லை. அதற்குக் கீழே இழுத்தால் பேட்டரிக்கே கேடு.

நம் ஊரின் வெயிலுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இவ்வகைப் பேட்டரிகளின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்று சொல்லப்படுவது 20 முதல் 25 டிகிரி வெப்பநிலையைக் கணக்கில் கொண்டுதான். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு. சென்னையில் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அவ்வளவு போகாத ஆண்டுகளிலும் அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. மேற்குப் பார்த்த சுவரில் மாலை வெயில் நேராக விழும் பெட்டிக்குள் வெளியே இருப்பதைவிட வெப்பம் கூடுதலாகவே இருக்கும். போதாக்குறைக்கு, வெப்பம் ஏற ஏறச் சார்ஜ் வோல்டேஜ் சற்றுக் குறைய வேண்டும். மலிவான சார்ஜர்களில் அந்த ஏற்பாடு இருப்பதில்லை. கோடை முழுவதும் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிடுகிறது. மூடி முத்திரையிட்ட பேட்டரி ஆதலால் அதற்கு நீர் ஊற்றவும் வழியில்லை. பக்கங்கள் உப்பிய பேட்டரியைக் கண்டால் அளந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை, உடனே அகற்றிவிட வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், இராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் பேட்டரி முனைகளிலும் ஒயர் இணைப்புகளிலும் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்துவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் வந்து சேராது. எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறுவது எல்லாப் பகுதிகளிலும் உண்டு.

வெயிலுக்கு அடுத்தபடி பேட்டரியைக் கொல்வது நீண்ட மின்தடை. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொண்டுவந்த வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. அப்போது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒரு பேனலும் சில சென்சார்களும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 7 ஏ.எச். பேட்டரி புதிதாக இருந்தால் தாளில் போட்ட கணக்குப்படி 35 மணி நேரம் தாங்கும். திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பழைய பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது. எனவே, நாட்கணக்கான மின்தடையில் புதிய பேட்டரியும் முழுக்கக் காலியாகிவிடும். காலியான நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது. மின்சாரம் வந்ததும் பேனல் விளக்குகள் மறுபடி எரியும், வீட்டில் உள்ளவர்களும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு வீட்டைச் சீர்செய்வோர் அலாரம் பேட்டரியையும் சோதித்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று பலர் கேட்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதந்தோறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலேயே அலாரம் பேட்டரியை யாரும் திறந்து பார்த்ததில்லை. பேனல் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் சிறு மின்தடைகளில் அதன் சொந்த பேட்டரிக்கு வேலையே வராது; அது பழுதானதும் வெளியே தெரியாது. வீட்டைப் பூட்டிச் செல்லும்போது பாதுகாப்புக்காக இன்வெர்ட்டரை அணைத்துவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அப்படி அணைத்துவிட்டால், வீட்டில் யாரும் இல்லாத அந்த நாட்களில் அலாரம் மின்வாரிய மின்சாரத்தையும் தன் சொந்த பேட்டரியையும் மட்டுமே நம்பியிருக்கிறது.

சோதனையை எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். இதற்கு ஏற்ற நாளை மின்வாரியமே நமக்குத் தருகிறது. பராமரிப்புப் பணிக்காக எந்தப் பகுதியில் எப்போது மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு முன்கூட்டியே நாளிதழ்களில் வருகிறது. வழக்கமாகக் காலை 9 மணிக்கு நின்று பிற்பகலில் திரும்பும். அந்த இடைவெளியில் பேனல் தன் பேட்டரியில் சில மணி நேரம் ஓடியிருக்கும். மின்சாரம் திரும்புவதற்குச் சற்று முன் அலாரத்தை இயக்கிப் பார்த்தால், அதுவே மிகச் சிறந்த சோதனை. இன்வெர்ட்டர் உள்ளவர்கள் மட்டும் பேனலுக்கான எம்.சி.பி. எனப்படும் பாதுகாப்பு ஸ்விட்சையோ பிளக்கையோ தனியே நிறுத்த வேண்டும். பேனலில், மின்சாரம் வருவதைக் காட்டும் மெயின்ஸ் விளக்கு அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறிவிக்கப்பட்ட நாள் வசதிப்படாதவர்கள் வேறொரு நாளில் நான்கு மணி நேரம் இதேபோல நிறுத்திவைக்கலாம்.

அக்கம்பக்கத்தாரிடமும் காவலாளியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். அலாரம் ஏதேனும் கண்காணிப்பு மையத்துடனோ உறவினர்களின் கைப்பேசியுடனோ இணைக்கப்பட்டிருந்தால் அவர்களுக்கும் தெரிவித்துவிட வேண்டும். பகல் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளுக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். சைரனோ அருகில் நின்றால் 100 டெசிபலைத் தாண்டி ஒலிக்கக்கூடியது. பல பேனல்களில் சைரன் ஒலிக்கும் நேரத்தைச் சில நிமிடங்களாக வரையறுத்து வைக்க முடியும். வீட்டில் யாரும் இல்லாதபோது தெருவே தூக்கமிழக்காமல் இருக்க அதையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மின்சாரம் நின்ற நிலையில் அலாரத்தை ஆயத்த நிலையில் வைத்து, கதவைத் திறந்தோ சென்சார் முன் நடந்தோ அதை இயக்குங்கள். சோதனைப் பொத்தானைவிட இதுவே மேல். சென்சார், பேனல், ஒயர், சைரன் எல்லாமே பேட்டரியில் வேலை செய்கின்றனவா என்பது ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். ஒருவர் தெருவில் நின்று கேட்க வேண்டும். ஒலி கடைசிவரை ஒரே சீராக இருக்கிறதா, போகப்போகக் குரல் தாழ்கிறதா, மினுக்கு விளக்கு எரிகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் விநாடியில் உரக்க ஒலித்ததைக் கேட்டதும் நிறுத்திவிடக் கூடாது. பலவீனமான பேட்டரியும் தொடக்கத்தில் நன்றாகவே ஒலிக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் அதற்கு வேறு சோதனை தேவை. பேனலில் இருந்து சைரனுக்குச் செல்லும் ஒயரைப் பேனல் பக்கத்தில் கழற்றினால், சைரன் அந்தக் கணமே தானாக அலற வேண்டும். அமைதியாக இருந்தால், உள்ளிருக்கும் பேட்டரி செயலிழந்துவிட்டது அல்லது இணைக்கப்படவே இல்லை என்று பொருள். புதிதாகப் பொருத்தியபோதே பேட்டரி முனையை இணைக்காமல் விட்டுவிட்ட பெட்டிகளும் உண்டு. இந்தச் சோதனையை டெக்னீஷியனைக் கொண்டு செய்வதே முறை. சைரன் மூடிக்குள், அதை யாரேனும் திறந்தால் உணரும் டேம்பர் ஸ்விட்ச் இருப்பதால், பேனலில் பராமரிப்பு நிலைக்குரிய எண்ணைப் பதியாமல் மூடியைத் திறந்தால் சைரன் முகத்துக்கு நேரே அலறும். ஏணியின் உச்சியில் நிற்பவர் அந்த ஒலியில் திடுக்கிட்டு நிலை தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள முதியவர்கள் இதற்காக ஏணியில் ஏறவே கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. லெட்-ஆசிட் இருந்த இடத்தில் நிக்கல் வகையையோ, அதற்கு மாறாகவோ வைக்கக் கூடாது. இரண்டுக்கும் சார்ஜ் ஏறும் முறை வேறு. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் பேனலின் ஃபியூஸ் போகும், சில வேளை பேனலே போகும். மோதிரத்தையும் உலோக வளையலையும் கழற்றிவிட்டே கை வைக்க வேண்டும். இந்தச் சிறு பேட்டரியும் ஷார்ட் ஆனால் தோலைச் சுட்டுவிடும் அளவு மின்னோட்டத்தைத் தரும். ரிட்சி தெருவில் இந்த அளவுப் பேட்டரிகள் எளிதில் கிடைக்கின்றன. வாங்கும்போது அதில் பொறித்துள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்ப்பது அவசியம். ஓராண்டு கடை அலமாரியில் சார்ஜ் ஏற்றாமல் கிடந்த பேட்டரி, பெட்டி பிரிக்காதது என்றாலும் புதியது அல்ல. பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதனுள் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்றக் குப்பையுடன் சேர்க்காமல் தனியே வைத்து, சேகரிக்கும் அல்லது மறுசுழற்சி செய்யும் இடத்தில் ஒப்படைப்பது பயன்படுத்துவோரின் கடமை. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைப் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இறுதியாக, அலாரம் பொருத்தும் நிறுவனங்களிடமும் குடியிருப்போர் நலச் சங்கங்களிடமும் ஒரு கோரிக்கை. தொலைபேசி நிலையத்தில் 2 வோல்ட் செல்கள் இருபத்து நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட் பெறுவோம். ஒவ்வொரு செல்லின் அளவையும் ஏட்டில் எழுதுவோம், அவ்வப்போது மின்சாரத்தை நிறுத்தி பேட்டரியில் ஓட்டிப் பார்ப்போம். ஊர் முழுக்க மின்சாரம் போன நாளிலும் தொலைபேசியில் டயல் ஒலி வந்தது அந்த ஏட்டின் பலத்தால்தான். வீட்டு அலாரத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பேனலின் உள்மூடியிலும் சைரனின் உள்மூடியிலும் பேட்டரி வைத்த மாதமும் ஆண்டும் எழுதிய ஒரு சீட்டை ஒட்டட்டும். பராமரிப்பு அட்டையில், மின்சாரம் நிறுத்தப்பட்டு எத்தனை மணி நேரம் ஆனபின் சைரன் சோதிக்கப்பட்டது, எத்தனை நிமிடம் ஒலித்தது, அப்போது பேட்டரியில் இருந்த வோல்டேஜ் எவ்வளவு என்ற மூன்று விவரங்களை எழுத இடம் விடட்டும். அவை எழுதப்படாத அட்டையில் வீட்டுக்காரர்கள் கையெழுத்திட வேண்டாம். சங்கங்கள் தங்கள் தெருக்களில் உள்ள வீடுகளுக்காக நிறுவனங்களுடன் பேசும்போது, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஒன்றும், வெயில் தணிந்த ஜூலையில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு சோதனைகளை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை.